அத்தியாயம் 7: பதிவேட்டில் ஏற வேண்டிய பெயர்

2023 மார்ச் 2-ஆம் தேதி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பற்றிய தீயை முழுதாக அணைக்க இரண்டு வாரத்துக்கு நெருக்கமாக ஆயிற்று. அதுவரை கொச்சி நகரம் பிளாஸ்டிக் புகையைத்தான் சுவாசித்தது. ஆஸ்துமா உள்ள குழந்தைகளையும் வயதானவர்களையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் மட்டாஞ்சேரியிலும் உண்டு. அங்கே நெபுலைசர் மாஸ்க்கைப் பொருத்தி ஆக்சிஜன் அளவைத் திருகி வைத்தவர் யார், எங்கே படித்தவர் என்று நாம் யாரும் கேட்டிருக்க மாட்டோம். மூச்சுத் திணறுகிறவரால் கேட்க முடியாது. கூட வந்தவருக்குக் கேட்கத் தோன்றாது. அந்தக் கேள்வியை நமக்காக முன்கூட்டியே கேட்டு, பதிலையும் எழுதி வைத்திருக்கும் புத்தகம்தான் பதிவேடு.

சுவாச சிகிச்சையாளர்கள், அதாவது ஆஸ்பத்திரியில் 'ஆர்.டி.' என்று அழைக்கப்படும் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்டுகள், இந்தியாவில் நீண்ட காலம் நாடு தழுவிய பதிவேடு எதிலும் இல்லாமல் வேலை பார்த்தார்கள். அந்த நிலை இப்போது மாறிவிட்டது. மாற்றம் என்ன, கொச்சியில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் அதற்கு எப்படித் தயாராக வேண்டும் என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது. படித்துக்கொண்டிருப்பவர், வேலையில் இருப்பவர், தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே வந்தவர், வளைகுடாவுக்குப் போக நினைப்பவர் ஆகிய நால்வருக்கும் இதில் வேலை இருக்கிறது.

ஒரு எண்ணின் எடை

'இதற்கெல்லாம் பதிவு எதற்கு? டாக்டர் சொல்வதைத்தானே செய்கிறோம்' என்று பத்தாண்டு அனுபவம் உள்ளவர்கள்கூடக் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் ஒரு கணக்கைச் சொல்வது வழக்கம்.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. நுரையீரல் கடுமையாகப் பழுதுபட்டு வென்டிலேட்டரில் இருந்த 861 பேரை அதில் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஒவ்வொரு மூச்சிலும் கிலோவுக்கு 12 மில்லி காற்று கொடுத்தார்கள். அதுதான் அன்றைய வழக்கம். மற்றப் பிரிவுக்கு 6 மில்லி. முதல் பிரிவில் இறந்தவர்கள் 39.8 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 31 விழுக்காடு. திரையில் ஒரே ஒரு எண்ணைப் பாதியாக்கியதில் நூறு பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள். அந்தக் கிலோவும் எடை மெஷின் காட்டுகிற கிலோ அல்ல, ஆளின் உயரத்திலிருந்து கணக்கிடுகிற கிலோ. பருமனான ஒருவருக்கு மெஷின் எடையைப் போட்டால், சரியான சூத்திரத்தை வைத்துக்கொண்டே தவறான காற்றைக் கொடுத்தவர்கள் ஆவோம்.

டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போன பிறகு, இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கும்போது திரைக்கு முன்னால் நிற்பவர் ஆர்.டி. டியூபில் சளி அடைத்திருக்கிறதா, மாஸ்க் கசிகிறதா, ரத்த வாயுப் பரிசோதனையான ஏபிஜி ரிப்போர்ட்டில் பி.எச். 7.35-க்குக் கீழே இறங்கிவிட்டதா என்று முதலில் கவனிப்பவரும் அவர்தான். இத்தனை பொறுப்பு உள்ள கைக்கு ஒரு பெயரும், அந்தப் பெயருக்கு ஒரு பதிவும் வேண்டும். நோயாளிக்கு அது பாதுகாப்பு. உங்கள் படிப்புக்கு அதுவே மரியாதை.

சட்டத்தில் என்ன மாறியது?

தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் 2021 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. மார்ச் 28-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது, மே 25-இல் நடைமுறைக்கு வந்தது. டாக்டர்கள், நர்சுகள், பல் மருத்துவர்கள், மருந்தாளுநர்கள் ஆகியோருக்கு முன்பே தனித்தனி ஒழுங்குமுறை அமைப்புகள் உண்டு. அவர்களைத் தவிர்த்து, ஆஸ்பத்திரியைத் தாங்கி நிற்கும் 50-க்கும் மேற்பட்ட தொழில்களைப் பத்து வகைகளாகத் தொகுத்து ஒரே சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள்.

உங்களுக்கு முக்கியமான மாற்றங்கள் இவை:

1. தேசிய அளவில் ஓர் ஆணையமும் மாநிலம்தோறும் ஒரு கவுன்சிலும் உண்டு. மாநிலப் பதிவேட்டைக் கவுன்சில் பராமரிக்கும். ஆணையம் இணையத்தில் ஒரு மத்தியப் பதிவேட்டை வைத்திருக்கும்.

2. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. அரசு ஆஸ்பத்திரியில் இந்தப் பதவியை வகிக்கவோ, சட்டப்படி கையெழுத்து தேவைப்படும் சான்றுகளில் ஒப்பமிடவோ கூடாது. மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

3. சட்டம் வருவதற்கு முன்பே இந்த வேலையில் இருந்தவர்களும் பதிவு செய்துகொள்ள வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கெனக் குறிக்கப்படும் காலத்துக்குள் செய்தாக வேண்டும்.

4. படிப்பில் சேரப் பொது நுழைவுத் தேர்வு, முடித்த பின் தொழில் உரிமத்துக்கான தேர்வு ஆகிய இரண்டையும் நடத்தும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு.

சட்டம் வந்தாலும் மாநிலங்கள் அசைய நாளாயிற்று. பல மாநிலங்களில் கவுன்சில் அமைக்கப்படவில்லை, அமைந்த சிலவும் செயல்படவில்லை. மருத்துவத் தொழில்நுட்பர்களின் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 ஆகஸ்ட் 12-இல் நீதிமன்றம், அக்டோபர் 12-க்குள் சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அதன் பிறகே வேலை வேகம் பிடித்தது. ஆகவே 'சட்டம் வந்து இத்தனை வருஷம் ஆகியும் யாரும் கேட்கவில்லையே' என்ற பழைய நிம்மதியை இனி நம்பி இருக்க முடியாது.

படிப்பின் பெயரா, படித்த மணியா?

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். புதிய சட்டம் உங்கள் படிப்பை அதன் பெயரால் மட்டும் எடைபோடுவதில்லை, மணிக்கணக்கில் அளக்கிறது.

சட்டம் இரண்டு தட்டுகளைச் சொல்கிறது. முதலாவது, துணைநிலைச் சுகாதாரப் பணியாளர். டெக்னீஷியன், டெக்னாலஜிஸ்ட் எல்லாம் இதில் வருவார்கள். இவர்களுக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும். அது இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் செமஸ்டர்களாகப் பிரிந்திருக்க வேண்டும். டிப்ளமோவாகவும் இருக்கலாம், பட்டமாகவும் இருக்கலாம். இரண்டாவது, சுகாதாரத் தொழில்முறையாளர். தெரபிஸ்ட் என்ற சொல் இங்கேதான் வருகிறது. இவர்களுக்குக் குறைந்தது 3,600 மணி நேரம், மூன்று முதல் ஆறு ஆண்டுகள், கட்டாயம் பட்டம்.

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் 3,600 மணி என்பது முழு 600 நாள். வகுப்பு, லேப், ஐசியு போஸ்டிங் எல்லாம் சேர்ந்தால்தான் இந்தக் கணக்கு நிறையும்.

பெயர்க் குழப்பமும் ஒன்று உண்டு. கேரளத்தில் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் டிப்ளமோவுக்கு 'ரெஸ்பிரேட்டரி டெக்னாலஜி' என்று பெயர். பொன்னேக்கரையில் உள்ள அமிர்தாவில் படிப்பது 'ரெஸ்பிரேட்டரி தெரபி' பட்டம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் 'ரெஸ்பிரேட்டரி தெரபி' என்ற பெயரில்தான் பி.எஸ்ஸி. தருகிறது. சட்டத்தின் அட்டவணையிலோ 'ரெஸ்பிரேட்டரி டெக்னாலஜிஸ்ட்' என்று இருக்கிறது. மருத்துவத் தொழில்நுட்பர்களும் ஃபிசிஷியன் அசோசியேட்டுகளும் இடம்பெறும் வகையில் அதைத் தேடுங்கள். சான்றிதழில் உள்ள சொல் அட்டவணையில் இல்லையே என்று பதறிப்போய் விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். அதே சமயம், பெயர் ஒத்துப்போகிறது என்று மணிக்கணக்கைக் காட்டும் காகிதத்தை வாங்காமலும் இருந்துவிடாதீர்கள்.

இந்தக் காகிதத்தை வாங்கக் கல்லூரி நாட்களே நல்ல காலம். தாள்வாரியாகத் தியரி எத்தனை மணி, பிராக்டிகல் எத்தனை மணி, கிளினிக்கல் போஸ்டிங் எத்தனை மணி என்று காட்டும் சிலபஸின் நகலில் முதல்வர் கையெழுத்தும் கல்லூரி முத்திரையும் வாங்கி வையுங்கள். உங்கள் லாக் புக்கைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். பத்து வருஷம் கழித்து அந்தக் கல்லூரி நிர்வாகம் மாறியிருக்கலாம், கோர்ஸே நின்றுபோயிருக்கலாம். அன்றைக்கு உங்கள் மணிக்கணக்குக்குச் சாட்சி சொல்ல அந்த நோட்டு ஒன்றுதான் மிஞ்சும்.

இனிமேல் படிப்பில் சேரப் போகிறவர்களுக்கு இரண்டு செய்திகள். 2025 ஏப்ரலில் ஆணையம் பத்துத் தொழில்களுக்குப் புதிய பொதுப் பாடத்திட்டங்களை வெளியிட்டது. சுவாச சிகிச்சை அந்த முதல் பத்தில் இல்லை. எனவே சேரும் ஆண்டில் உங்கள் கல்லூரி எந்தப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகிறது என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது, இந்தச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைதூர வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் தடை விதித்தது. 'வீட்டிலிருந்தே படிக்கலாம், ஒரு வருஷத்தில் சர்டிஃபிகேட்' என்று பஸ் ஸ்டாப்பில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்துப் பணம் கட்டினால் அந்தப் பணமும் போகும், அந்த வருஷமும் போகும்.

நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள்?

*கேரளத்தில் படித்து, கேரளத்தில் வேலை செய்பவர்.* பழைய கேரள பாராமெடிக்கல் கவுன்சிலில் பதிவு செய்திருந்தால் அந்தச் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். அதுவே புதிய பதிவேட்டில் உங்கள் பெயரைத் தானாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்று சும்மா இருக்க வேண்டாம். புதிய கவுன்சிலின் அறிவிப்புகளை மாதம் ஒருமுறை பார்க்கும் பழக்கம் வையுங்கள்.

*தமிழ்நாட்டில் படித்து, கொச்சியில் வேலை செய்பவர்.* பதிவேட்டில் பெயர் ஏறியவர் இந்தியாவில் எங்கும் தொழில் செய்யலாம் என்பது சட்டத்தின் ஏற்பாடு. ஆனால் எங்கே பதிவு செய்தாலும் சரிபார்ப்புக் கடிதம் நீங்கள் படித்த பல்கலைக்கழகத்துக்குத்தான் போகும். கிண்டியில் உள்ள எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வர நாளாகலாம். லீவு போட்டுச் சென்னைக்கு ஓடும் நிலை வரும் முன்பே டிரான்ஸ்கிரிப்ட் வாங்கி வையுங்கள்.

*படிப்பு இல்லாமல் அனுபவத்தால் வேலை கற்றவர்.* ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றுவதில் தொடங்கி வென்டிலேட்டர் வரை கற்றுக்கொண்ட அண்ணன்கள் சிறிய ஆஸ்பத்திரிகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேராக ஒன்று சொல்கிறேன்: அனுபவத்தை மரியாதையோடு பார்க்கிற எவரும் உங்களைப் பதிவில்லாமல் இருக்கச் சொல்ல மாட்டார். எந்தத் தேதியிலிருந்து, எந்த யூனிட்டில், என்ன பதவியில் வேலை செய்தீர்கள் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு, பாங்க் பாஸ்புக் ஆகியவையும் நீங்கள் வேலை பார்த்ததற்குச் சாட்சிகள். முன்பிருந்தே வேலையில் இருப்பவர்களுக்கான கால வரம்பு அறிவிக்கப்படும்போது முதல் வரிசையில் நில்லுங்கள்.

*மாணவர்.* உங்களுக்கான வேலையை முந்தைய பகுதியிலேயே சொல்லிவிட்டேன். மணிக்கணக்கைச் சேர்த்து வையுங்கள்.

இனிஷியல் செய்யும் சிக்கல்

கொச்சித் தமிழர்களுக்கென்றே உள்ள பிரச்சினை இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துத்தான் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எஸ். கவிதா' என்று இருக்கும். பட்டத்தில் 'கவிதா எஸ்.' என்று இருக்கும். பாஸ்போர்ட் ஆபீசில் அப்பா பெயரை விரித்து 'கவிதா சுப்பிரமணியன்' ஆக்கியிருப்பார்கள். கல்யாணம் ஆனதும் ஆதாரில் கணவர் பெயர் சேர்ந்திருக்கும். மலையாளப் பள்ளியில் படித்திருந்தால் வீட்டுப்பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். நமக்கு எல்லாம் ஒரே கவிதாதான். சரிபார்க்கிறவருக்கு நான்கு பேர்.

இதைச் சரிசெய்யும் முறை:

முதலில் எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் உள்ள பெயரை எழுத்து மாறாமல் ஒரு தாளில் எழுதுங்கள். வேறுபாடு எத்தனை என்று அப்போதுதான் தெரியும்.

இரண்டாவதாக, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் அடிப்படையாக எடுத்துக்கொண்டு, மாற்ற முடிந்தவற்றை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். ஆதாரை மாற்றுவது எளிது, பல்கலைக்கழகப் பட்டத்தை மாற்றுவது கடினம்.

மூன்றாவதாக, மாற்ற முடியாததற்கு, இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று கேரள வருவாய்த் துறை தரும் 'ஒன் அண்ட் சேம்' சான்றிதழ் இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள அட்சயா மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். பெயரையே மாற்றியிருந்தால் அரசிதழில் வெளியான பக்கம் வேண்டும்.

பதிவேட்டில் ஏறும் பெயர்தான் இனி உங்கள் தொழிற்பெயர். பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துகளோடு அது இருந்தால் பின்னால் பல கதவுகள் சிரமமில்லாமல் திறக்கும்.

ஒரே கோப்பு

துணி வைக்கும் அலமாரியில் பாதி, அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பாதி என்று காகிதங்கள் கிடந்தால் கடைசி நாளில் கண்ணீர்தான். மட்டாஞ்சேரி மழையிலும் உப்புக் காற்றிலும் காகிதம் சீக்கிரம் பூத்துவிடும். பிளாஸ்டிக் உறை போட்ட ஒரே கோப்பில் இவற்றை இந்த வரிசையில் வையுங்கள்:

- பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ சான்றிதழ்கள்
- டிப்ளமோ அல்லது பட்டச் சான்றிதழ்
- எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டுகளும் டிரான்ஸ்கிரிப்ட்டும்
- மணிக்கணக்கு உள்ள, கல்லூரி முத்திரையிட்ட சிலபஸ்
- இன்டர்ன்ஷிப் முடித்த சான்று, லாக் புக்
- கல்லூரியின் அங்கீகாரத்தைக் காட்டும் ஆணையின் நகல்
- ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் அனுபவச் சான்றிதழ். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, யூனிட் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும்
- பழைய பதிவுச் சான்றிதழ்
- ஆதார், பாஸ்போர்ட், பெயர் தொடர்பான சான்றுகள்
- பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். உயிர்காப்புப் பயிற்சி அட்டைகள். அமெரிக்க இதயச் சங்கத்தின் அட்டைக்கு இரண்டு ஆண்டுதான் ஆயுள், காலாவதித் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்

எல்லாவற்றையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, கைபேசியில் ஒரு பிரதியும் வேறோர் இடத்தில் ஒரு பிரதியும் வையுங்கள். விண்ணப்பத்தை அனுப்பியதும் விண்ணப்ப எண்ணையும் கட்டண ரசீதையும் அதே கோப்பில் சேருங்கள்.

கடல் கடந்து போகிறவர்களுக்கு

வளைகுடா நாடுகளில் சுவாச சிகிச்சையாளருக்கு உரிமம் இல்லாமல் வேலை கிடையாது. சவூதியில் சுகாதாரத் துறைகளுக்கான ஆணையம், துபாயில் துபாய் சுகாதார ஆணையம், அபுதாபியில் அதன் சுகாதாரத் துறை, கத்தாரில் சுகாதார அமைச்சின் கீழ் உள்ள துறை என்று ஒவ்வோர் இடத்திலும் ஓர் அமைப்பு இதைப் பார்க்கிறது. படிகள் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 'டேட்டாஃப்ளோ' என்ற நிறுவனம் உங்கள் கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கவுன்சிலுக்கும் நேராக எழுதிக் கேட்கும். அதன் பிறகு கணினித் தேர்வு.

இந்தியாவில் முறையான பதிவு இல்லாமல் இருந்ததால் நம் ஆர்.டி.க்கள் தடுக்கி விழுந்த இடம் இதுதான். 'சொந்த நாட்டில் உங்கள் பதிவு எங்கே? உங்கள் மீது புகார் எதுவும் இல்லை என்று நன்னடத்தைச் சான்று தர யார் இருக்கிறார்கள்?' என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. புதிய பதிவேடு அந்தக் குறையைத் தீர்க்கும். நன்னடத்தைச் சான்றுக்குச் சில மாதங்களே ஆயுள் என்பதால் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் சமயத்தில் வாங்குங்கள்.

அமெரிக்காவில் அலாஸ்கா தவிர மற்ற மாநிலங்கள் எல்லாம் உரிமம் கேட்கின்றன. புதிதாகத் தொடங்கப்படும் பயிற்சிகள் இளநிலைப் பட்டத்துக்குக் குறையக் கூடாது என்று 2018-இல் அங்கே ஒரு விதியும் வந்தது. பிலிப்பைன்ஸ் சுவாச சிகிச்சைக்கென்று தனிச் சட்டமே செய்தது. கனடாவின் ஒன்டாரியோவில் இந்தத் தொழிலுக்கென 1990-களிலிருந்தே ஓர் ஒழுங்கு அமைப்பு இயங்குகிறது. உலகம் போகும் திசை தெளிவாகத் தெரிகிறது. டிப்ளமோ வைத்திருக்கும் தம்பி தங்கைகள் பட்டப் படிப்புப் படிக்க முடிந்தால் இப்போதே படியுங்கள்.

சான்றிதழ் அட்டெஸ்டேஷனுக்கு எர்ணாகுளத்தில் நோர்க்கா ரூட்ஸ் அலுவலகம் இருக்கிறது. வேலை தேட மாநில அரசின் ஒடெப்பெக் நிறுவனம் இருக்கிறது. தனியார் ஏஜென்ட் வழியாகப் போவதானால், 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அசல் சான்றிதழைக் கையில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறவரிடம் ஒரு நிமிஷமும் உட்கார வேண்டாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

ஒன்று, பெயர்களை ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டு, மணிக்கணக்கு உள்ள சிலபஸுக்குக் கல்லூரிக்குக் கடிதம் எழுதுங்கள்.

மூன்று, இப்போது வேலை பார்க்கும் இடத்தில், விலகும்வரை காத்திராமல், பணிச் சான்று கேளுங்கள்.

நான்கு, மாநிலக் கவுன்சிலின் அறிவிப்பைப் பார்த்து, விண்ணப்பம் திறந்திருந்தால் இன்றே பதிவு செய்யுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. பிள்ளை ஐசியுவில் வேலை பார்க்கிறது என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லும் அம்மா, அன்று இரவு சாப்பாடு பரிமாறும்போது 'உன் பேரு பதிஞ்சாச்சா கண்ணு?' என்று ஒரு தடவை கேட்கட்டும். மூச்சுக்குத் தவிக்கும் யாரோ ஒருவரின் அம்மா வாய் திறந்து கேட்க முடியாத கேள்வி அது. அவருக்காகவும் சேர்த்துக் கேட்கட்டும்.